சோப்புத்தூள் போட்ட செங்காவி

அக்கா வீட்டுக்காரரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. போடியில் அவருடைய பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்டாகச் சேர்ந்த பிறகு, பிடிக்காததற்கு நியாயமான காரணங்களும் கிடைத்தன.

மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து, தொழிலாளர் வீட்டுக் கூரைகளுக்குச் செங்காவி பெயிண்ட் கேட்டிருந்தார்கள். காவித்தூளைச் சும்மா தண்ணீரில் போட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு அடியில் கட்டியாகிவிடும். அதைத் தடுக்க ஒரு பாலிமர் வாங்கி வைத்திருந்தேன். அதன் ஒரு பாதி துகளைப் பிடித்துக்கொள்ளும்; மறுபாதி தண்ணீரில் விரிந்து நின்று, பக்கத்துத் துகளை அண்டவிடாது. ஆனால் மெதுவாகத்தான் போய் உட்காரும். முன்னாலேயே சோப்பு கலந்திருந்தால், பஸ் ஜன்னலில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவனைப் போல அது முந்திக்கொள்ளும். பாலிமருக்கு இடமிருக்காது.

போட்டதும் காவித்தூள் நனையாமல் மிதக்கிறது என்று முதலில் இரண்டு கை சோப்புத்தூள் அள்ளிப் போடுவது மச்சானின் பழக்கம். வேண்டாம் என்று பலமுறை சொன்னேன்.

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே பெயிண்டு கலக்குனவன்டா மாப்ளே நான். வெரசா சோலியப் பாரு."

டின் வாங்கி வா என்று என்னைத் தேனிக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கே கலக்கினார். மறுநாள் நான் வந்தபோது லோடு மலையேறிவிட்டது. டிரம்மின் விளிம்பில் நுரை காய்ந்திருந்தது. எஸ்டேட்டுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அக்காவை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

கூரைகளுக்கு அடித்து முடித்த பின் முதல் மழை பெய்தது. எஸ்டேட் சூப்பர்வைசர் ஜீப்பில் இறங்கி வந்து, மிச்சமிருந்த டின்னை எங்கள் முன்னால் வைத்தார். கரண்டி உள்ளே இறங்கவில்லை.

"எங்க சனம் கூரைத் தண்ணியப் பிடிச்சு வச்சுத்தான் பொழங்குது. பூராம் செவப்பா நொரைச்சு நிக்குது. யாருய்யா இங்க கெமிஸ்டு?"

மச்சான் என்னைக் கை காட்டினார். நான் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினேன்.

"சோப்புத்தூளப் போட்டது யாருன்னு கேளுங்கண்ணே."

"அதுவா? எம் பொண்டாட்டி. வெவரமில்லாம அள்ளிப் போட்டுட்டா" என்றார் மச்சான், கண்ணைக்கூட இமைக்காமல்.

டீயோடு வந்த அக்கா அப்படியே நின்றாள்.

"ஆமாண்ணே. நாந்தான் போட்டேன். தெரியாமச் செஞ்சுட்டேன்."

சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினார். மச்சானும் கூடவே தலையாட்டினார். பெயிண்ட் கலக்கிய அன்று அக்கா போடியிலேயே இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ வாய மூடுடா" என்று கத்தினாள். அந்தக் கோபத்தை ஒருநாளும் அவள் தன்னைக் கட்டிய அந்த ஆளிடம் காட்டியதில்லை.