லோரெட்டா பக்கத்துக் கண்ணாடி

லோரெட்டா ப்ரூபேக்கர் அமெரிக்காவில் பாதியைப் பார்த்துவிட்டாள். ஆனால் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும், அந்த ஊர் பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை சுத்தமா இல்லையா என்பதைத்தான் முதலில் சொல்வாள். பன்னிரண்டு வருஷமாக டிரெய்லரில் குடியிருக்கிறவளிடம் மலையையும் அருவியையும் பற்றிக் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? ஒரு ரயில் பெட்டியில் பாதி நீளம்கூட வராத அந்த டிரெய்லருக்குள்தான் அடுப்பு, கட்டில், குளிக்குமிடம், போதாக்குறைக்குப் புருஷன் ஹார்லன். ஒருவர் புரண்டு படுத்தால் வீடே ஆடும்.

முன்பு கான்சாஸில் ஆடாத வீடு ஒன்று இருந்தது. அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஹார்லன் பண்ணை பண்ணையாகப் போய் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டினான். அவனுக்கு இதய ஆபரேஷன் ஆனது, ஆஸ்பத்திரிக்காரர்கள் நெஞ்சைத் தைத்து அனுப்பினார்கள், அந்தச் செலவில் வீடு போனது. மிச்சம் மீதியில் ஒரு பழைய பிக்கப் வண்டியும் அதன் பின்னால் கட்டி இழுக்க இந்த டிரெய்லரும் வாங்கிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார்கள். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனம். கோடையில் ஏதாவது காட்டு முகாமில் கழிப்பறை கழுவி, விறகு விற்று, அதற்குக் கூலியாக இலவச இடம். இலையுதிர் காலத்தில் நார்த் டகோட்டாவில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை. இவர்களைப்போல ஆயிரக்கணக்கான கிழடுகள் அந்த நாட்டில் இப்படித்தான் பறவைகளோடு போட்டி போட்டுக்கொண்டு தெற்கும் வடக்கும் அலைகின்றன.

லோரெட்டாவுக்கு அலுத்துப்போய் வெகு காலமாகிவிட்டது. அவளுக்கு வேண்டியதெல்லாம் காலை நீட்டிக் குளிக்க ஒரு தொட்டி, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கப்போகிற ஒரு ஜன்னல். இதை அவள் ஹார்லனிடம் சொன்னதில்லை. ரோடு இல்லாவிட்டால் மனுஷன் காய்ந்து கருவாடாகிவிடுவான் என்பது அவள் கணக்கு. வண்டி இழுக்கிறவன் அவன்தான். அவள் ஒருநாளும் டிரெய்லரை இழுத்ததில்லை. அவனால் ஓட்ட முடியாத நாள் வந்தால் மகள் ஜானெல் வீட்டு நிலவறையில் போய்க் குடியிருப்பதுதான் கதி. அந்த நாள் சீக்கிரம் வரட்டும் என்று ஒரு மனம் நினைக்கும். சீ, இதென்ன நினைப்பு என்று இன்னொரு மனம் திட்டும்.

டிரெய்லர் பிக்கப்பைவிட அகலம். வண்டியோடு வந்த கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் மூக்குதான் தெரியும். பின்னால் யார் வருகிறார், பக்கத்தில் யார் வருகிறார், ஒன்றும் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் கைபோல நீண்டு நிற்கும் நீட்டுக் கண்ணாடிகளை மாட்டுவார்கள். டிரெய்லரை அவிழ்த்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஹார்லன் ஒருமுறை மறந்துபோய் வண்டி கழுவும் இடத்துக்குள் அப்படியே நுழைந்து, அங்கிருந்த தூரிகைக்கு ஒரு கண்ணாடியைக் காவு கொடுத்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க முகாமில் அதுதான் பேச்சு.

காலையில் கிளம்பும்போது எந்த முகாமிலும் ஒரே கூத்துதான். புருஷன் ராஜாபோல ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டி வெளியே குளிரில் நின்று கண்ணாடியைத் திருப்புவாள். “மேல! மேலன்னா மேல! அது கீழடி!” ஊருக்கே கேட்கும். ப்ரூபேக்கர் வீட்டில் மட்டும் இரண்டு வருஷமாக இது தலைகீழ். அந்த நாட்டு வண்டியில் ஸ்டீயரிங் இடப்பக்கம்; தன் பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஹார்லன் இறங்கி வலப்பக்கம் வருவான். லோரெட்டா காப்பிக் கோப்பையோடு தன் சீட்டில் சாய்ந்திருப்பாள்.

“இப்ப என்ன தெரியுது உனக்கு?”

“டிரெய்லரோட கடைசிச் சக்கரம் தெரியுது. ரோடு தெரியுது.”

“அப்ப போதும்.”

முழங்கால் வலிக்காரியைக் குளிரில் நிறுத்தாமல் தானே இறங்கி வருகிறானே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. வண்டி ஓடும்போதும் அடிக்கடி கேட்பான்: “உன் பக்கம் எப்படி?” அவள் எட்டிப் பார்த்து, “காலி” என்பாள். பக்கத்து டிரெய்லர்காரி ஒருத்திக்கு இதில் பொறாமை. “உன் ஆளு உன்கிட்ட யோசனை கேக்கறாரே! எங்க வீட்டுல நாய்கிட்ட கேட்டப்புறம்தான் என்கிட்ட கேப்பாரு.”

அந்த வருஷம் அறுவடையில் மழையும் பனியும் சேர்ந்து பிய்த்து எடுத்துவிட்டன. மலைபோல் குவிந்த பீட்ரூட்டுக்கு நடுவே, முட்டளவுச் சேற்றில், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. முடித்துக்கொண்டு கிளம்பிய இரண்டாம் நாள் மத்தியானம் சவுத் டகோட்டாவில் வந்துகொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக இதமான வெயில் மடியில் விழுந்தது. லோரெட்டா எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

நீளமான ஒரு ஹாரன் சத்தம் அவளை எழுப்பியது. கண்ணைத் திறந்தபோது தன் ஜன்னலை ஒட்டி ஒரு சின்னச் சிவப்புக் கார், ரோட்டோரச் சரளையில் வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. ஹார்லன் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். பின்னால் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடி, உள்ளே பாத்திரமெல்லாம் உருண்டு, ஒருவழியாக நேரானது. அடுத்து வந்த ஓய்விடத்தில் வண்டியை ஓரங்கட்டினான். சிவப்புக் காரும் பின்னாலேயே வந்து நின்றது.

இறங்கி வந்தவள் சின்னப்பெண். காரின் பின்சீட்டில் குழந்தை வீறிட்டு அழுதது.

“ஐயா, உங்களுக்குக் கண்ணு தெரியாதா? மாட்டுக்குக் கொம்பு மாதிரி அவ்ளோ பெரிய கண்ணாடி ரெண்டு வச்சிருக்கீங்களே, எதுக்கு? அலங்காரத்துக்கா?”

லோரெட்டாவுக்குச் சுருக்கென்றது. “இங்க பாரும்மா, இவரு நாப்பது வருஷமா வண்டி ஓட்டறவரு. கண்ணாடில விழாத எடத்துல நீ ஒட்டிக்கிட்டு வந்தா அவரு என்ன பண்ணுவாரு?”

“விழாத எடமா? உங்க கதவுக்கு நேராத்தான் வந்துக்கிட்டிருந்தேன். நீங்க வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கினது வரைக்கும் எனக்குத் தெரிஞ்சுது, மேடம்.”

ஹார்லன் குறுக்கே வந்தான். “மன்னிச்சிரும்மா. தப்பு என்னுதுதான்.”

அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு குழந்தையை எடுத்துச் சமாதானம் செய்துகொண்டு கிளம்பினாள். லோரெட்டா அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஹார்லன் வாயிலிருந்து ‘தப்பு என்னுது’ என்று வந்து அவள் கேட்டதில்லை. வண்டி கழுவும் இடத்தில் கண்ணாடி போனபோதுகூடத் தூரிகையைத்தான் திட்டினான்.

அவன் காப்பி வாங்கப் போனான். கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று அவள் துணியெடுத்துக் கண்ணாடிகளில் அப்பியிருந்த பூச்சியைத் துடைத்தாள். துடைத்தது சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இடப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் விலா, சக்கரம், ரோடு எல்லாம் பளிச்சென்று இருந்தன. வலப்பக்கக் கண்ணாடியில் முள்வேலி இருந்தது. அறுத்த சோளக்காடு இருந்தது. தூரத்தில் ஒரு தானியக் கிடங்கு இருந்தது. டிரெய்லர் இல்லை, ரோடு இல்லை.

ஆட்டத்தில் திரும்பிவிட்டது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். நகர்ந்து தன் சீட்டுக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இருந்தது: கடைசிச் சக்கரம், வெள்ளைக் கோடு, பின்னால் வருகிற லாரி. டிரைவருக்காகத் திருப்பி வைத்த கண்ணாடியில் பக்கத்துச் சீட்டுக்காரிக்குத் தங்கள் வண்டியின் பக்கவாட்டுதான் தெரியவேண்டும். இது அவளுக்குத் தெரியாததா? இரண்டு வருஷமாகத் தனக்கு இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, அவனுக்கு என்ன தெரியும் என்று ஒருநாளாவது யோசித்தாளா? அந்தக் கண்ணாடி அவனுக்கு வைத்ததே இல்லை, அவளுக்கு வைத்தது.

ஹார்லன் இரண்டு காகிதக் கோப்பையோடு வந்தான். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“எத்தன நாளா?” என்றாள்.

“ரெண்டு வருஷம். வலது கண்ணு. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும். இடது நல்லாருக்கு. ஆனா அதால உன் பக்கத்துக் கண்ணாடியப் பாக்கணும்னா கழுத்த முழுசாத் திருப்பணும். என் கழுத்துதான் உனக்குத் தெரியுமே.”

தெரியும். ராத்திரிதோறும் தைலம் தேய்க்கிறவள் அவள்தான்.

“அப்ப என்னை நம்பியே ஓட்டியிருக்க.”

“நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானே? நீ சொல்லாம ஒருநாளும் நான் லேன் மாறினதில்ல.”

“இன்னிக்கு?”

ஹார்லன் கோப்பையைப் பார்த்தான். “இன்னிக்கும் கேட்டேன். காலின்னு சொன்னியே.”

தூக்கத்தில் சொல்லியிருக்கிறாள். பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. அந்தச் சிவப்புக் காரின் பின்சீட்டில் குழந்தை இருந்தது. லோரெட்டா கதவைத் திறந்து வெளியே வந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அறிவிருக்கா உனக்கு? என்கிட்ட சொல்லித் தொலைச்சிருந்தா நான் தூங்கியிருப்பேனா?”

“சொன்னா அன்னிக்கே வண்டி நின்னுரும். ஜானெல் வீட்டு நிலவறைக்குப் போகணும். நீதான் மக கூரைக்குக் கீழ போய் நிக்கமாட்டேன்னு வீடு போன அன்னிக்கே சொன்ன.”

அதைச் சொன்னது ரோஷத்தில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்த ஒரு வார்த்தையை இந்த மனுஷன் சாசனம்போலத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். அவள் கையை நீட்டினாள்.

“சாவியக் குடு. அந்தப் பக்கம் போய் உக்காரு.”

“நீ இத இழுத்ததே இல்லையே.”

“நீ பாக்காமயே இழுத்தியே.”

ஹார்லன் சாவியைக் கொடுத்தான். வலப்பக்கம் போய்க் கண்ணாடியைப் பிடித்தான். அவள் சீட்டை முன்னால் தள்ளி உட்கார்ந்து, இன்னும் உள்ளே, இன்னும் கொஞ்சம், இப்போது கீழே என்று சொல்லச் சொல்லத் திருப்பினான். வேலி நகர்ந்தது, சோளக்காடு நகர்ந்தது, டிரெய்லரின் விலா வந்து நின்றது.

அன்றைக்கு மிச்சப் பயணம் முழுக்க அவள் ஊர்ந்தாள். லாரிக்காரர்கள் ஹாரனடித்துக் கடந்து போனார்கள். தோள் இரண்டும் இறுகி வலித்தன. எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் அந்த டிரெய்லர். எது வேண்டாம் என்று நினைத்தாளோ அது இரண்டு பக்கமும் நிறைந்துகொண்டு பின்னாலேயே வந்தது.

பொழுது சாய ஆற்றோர முகாம் ஒன்றில் நுழைந்தார்கள். நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. பின்பக்கமாகத் தள்ளி நிறுத்துகிற இடம் ஒன்றுதான் பாக்கி. புதிதாக வந்தவர்கள் டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது முகாம்வாசிகளுக்கு சினிமா மாதிரி. மடக்கு நாற்காலியும் பீரும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்டீயரிங்கில் பொம்பளை என்றதும் இன்னும் நான்கு நாற்காலி வந்தது.

ஹார்லன் இறங்கி, இடப்பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிகிறமாதிரி பின்னால் நின்று கைகாட்டினான். அவள் ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் இன்னொரு பக்கம் போனது. முன்னால் வந்தாள், மறுபடி போனாள். “அக்கா, ஸ்டீயரிங்கக் கீழ பிடி! டிரெய்லர் எங்க போகணுமோ கையும் அங்க போகட்டும்!” என்று நாற்காலியிலிருந்து ஒரு தடியன் கத்தினான். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மேலேயே ஏற்றியிருப்பாள். ஆனால் சொன்னது சரியாக இருந்தது. ஹார்லன் வா வா என்று கைகாட்டிக்கொண்டே இருந்தான். வலப்பக்கம் ஒரு மரம் இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. தன் கண்ணாடியில் அவளே பார்த்து, நிறுத்தி, விலக்கி, ஒருவழியாக உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள்.

எஞ்சினை அணைத்தாள். ஹார்லன் வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

“நல்லாத் தள்ளின. பழகிட்டா நீயே ஓட்டலாம். இன்னும் பத்து வருஷம் கவலையில்ல,” என்றான். சொன்ன குரலில் ஒரு துளி உற்சாகம் இல்லை.

பத்து வருஷம் என்ற வார்த்தை லோரெட்டாவின் தலையில் இடியாக விழுந்தது. அன்றைக்குப் பூராவும் வராத அழுகை அப்போது வந்தது.

“ஹார்லன், எனக்கு முடியல. இன்னிக்கு இல்ல. அஞ்சு வருஷமா முடியல.”

அவன் அவளையே பார்த்தான். அதற்கு உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

“எனக்கு ஏழு,” என்றான்.

லோரெட்டா அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். டிரெய்லரை மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும், தண்ணீர்க் குழாய் மாட்ட வேண்டும். இருவருமே இறங்கவில்லை. வேடிக்கை பார்க்க இனி ஒன்றுமில்லை என்று வெளியே ஒவ்வொருவராக நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார்கள். அவள் போனை எடுத்து ஜானெலைக் கூப்பிட்டாள். மகள் குரல் கேட்டதும் போனை ஹார்லனிடம் கொடுத்துவிட்டாள்.

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “அம்மாடி, அப்பா பேசறேன்,” என்றான், வாடகைக்கு இடம் கேட்டு வந்தவன்போல. “நாங்க ரெண்டு பேரும் அங்க வரலாமா?”