இருபத்தொரு தட்டும் ஒரு பெரிய லென்ஸும்

ஹட்டன் பக்கத்தில் ஒரு போட்டோக்காரன் கெட்டிக்காரனா இல்லையா என்பதை அவன் கழுத்தில் தொங்கும் லென்ஸின் நீளத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். படத்தைப் பார்ப்பதெல்லாம் பிறகு. இந்த உண்மை எனக்குப் புரிய எட்டு வருடம் பிடித்தது. அதுவரை பாதிப் பணிஸ் ரொட்டி அளவில் ஒரு சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்தேன். கமராவோடு சேர்த்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஆட்டோ ஏறாத தேயிலைத் தோட்டத்துப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறலாம். அருமையான சாமான். மரியாதைதான் கிடைக்கவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்து, "தம்பி, பெரிய கமராகாரரு பின்னாடி வர்றாருங்களா?" என்று கேட்டார். நான்தான் அந்தப் பெரிய கமராகாரன் என்றேன். என்னையும் கமராவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சமையல் பக்கம் கைகாட்டி, "அங்கிட்டு போய்ப் பிளேன்ட்டி குடிங்க" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன்.

வேகமான லென்ஸ் என்று ஒரு வகை உண்டு. உள்ளே கண்ணாடி அகலம். முழுக்கத் திறந்தால் லயத்து வரிசை வீடுகளின் ஒற்றையறைக் காம்பரா அரையிருட்டிலும் பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, முன்னாலும் பின்னாலும் உள்ளதெல்லாம் பனி இறங்கின மாதிரிக் கரைந்துவிடும். இதற்காகத்தான் உலகத்தில் பலரும் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். கொழும்புக்குப் போய் வாங்கி வந்தேன். எடை ஒரு கிலோச் சீனி. என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கழுத்து எலும்பு தேஞ்சு போச்சுன்னா அதுக்கு எந்த லென்ஸ் போடுவீங்க?" என்று கேட்டாள். கலையைப் புரிந்துகொள்ளாத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த லென்ஸுக்கு முதல் வேலை லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரு பிள்ளை பெரியவளான சடங்கு. கூப்பிட்டவர் பிள்ளையின் தாய்மாமன். வலப்பனையில் ஒரு புடவைக் கடையில் வேலை. போனில் அவர் பேசியதில் பாதிக்கு மேல் அவருடைய தங்கச்சியைப் பற்றித்தான்.

அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது இவர் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தியிருக்க வேண்டும். மச்சானோடு ஏதோ வாய்ச்சண்டை என்று இவர் போகவில்லை. மத்தியானம் வரைக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் பக்கத்துக் காம்பராக்காரர் மடியில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தங்கச்சி இவரோடு பேசுவதில்லை. பத்து வருடம்.

"இந்தச் சீரையும் விட்டுட்டா நான் அவளுக்கு அண்ணனே இல்லங்க தம்பி," என்றார். "இருபத்தொரு தட்டு வைக்கிறேன். ஒண்ணு விடாம எல்லாம் போட்டோல விழணும். சாப்புட்டவங்க சாப்புட்டுட்டுப் போயிருவாங்க. ஆல்பம்தான் நிக்கும்."

சின்ன லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கண்ணில் பட்டால் மதிப்புக் குறையுமே.

போன இடத்தில் ராஜ உபசாரம். லயத்து வாசலில் கமராவை எடுத்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ எனக்கு நாற்காலி போட்டார். குளிரிலிருந்து ஆட்கள் நிறைந்த காம்பராவுக்குள் நுழைந்ததும் அவ்வளவு பெரிய கண்ணாடியும் ஆவி படிந்து குருடாகிவிட்டது. நான் துடைத்துக்கொண்டிருந்ததைக்கூடப் பக்தியோடு பார்த்தார்கள்.

தாய்மாமன் பிள்ளைக்கு முன்னால் தட்டுகளை வரிசையாக அடுக்கினார். பழம், இனிப்பு, வளையல், பிள்ளைக்குப் பட்டு, கடைசி வரிசையில் தங்கச்சிக்கென்று வாடாமல்லி நிறத்தில் ஒரு சேலை. அண்ணன் கொண்டுவந்த சேலையைத் தங்கச்சி அப்போதே உடுத்திக்கொண்டு வந்து நிற்பது வழக்கம். அவள் வரவில்லை. பச்சைச் சேலையோடு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். சீரை வாங்கிக்கொண்டது அவள் புருஷன்தான்.

"சேலையத் தொடக்கூட இல்லைங்க. தட்டோட தூக்கி அலுமாரி மேல வச்சிட்டாங்க," என்று எனக்கு உதவியாக வந்திருந்த என் மனைவி காதருகே சொன்னாள். நான் கவனிக்கவில்லை. பிள்ளையின் கண்ணிமைகளைக் கூராக்கிக்கொண்டிருந்தேன். லென்ஸின் வாயைக் குறைத்தால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழும்; அன்று முழுக்க ஒருமுறைகூடக் குறைக்கவில்லை. குறைத்து எடுப்பதென்றால் அதை வாங்கியதற்கு என்ன அர்த்தம்?

இரண்டு வாரம் கழித்து மாமன் ஸ்டூடியோவுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டேன். நானே மெய்மறந்து பார்த்தேன். பிள்ளையின் முகம் பூ மாதிரி இருந்தது. அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"தட்டெல்லாம் எங்கங்க?"

"இந்தா இருக்குங்களே," என்று முன்னால் தெரிந்த வண்ணத் தீற்றல்களைக் காட்டினேன். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, பச்சையாக ஏதோ.

"இதுவா?"

இது உலகத் தரம், இப்படிக் கரைந்து போவதற்காகத்தான் இந்த லென்ஸையே வாங்குகிறார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மங்கலா விழுறதுக்கா தம்பி அம்புட்டுப் பெரிய சாமானத் தூக்கிக்கிட்டு மலையேறி வந்தீங்க?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். "காதுகுத்துக்கும் வரல, சீருக்கும் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தான்னுதான் சொல்லுவாங்க. இவதான் பேசவே இல்ல. படத்தப் பாத்தாவது மனசு எறங்குவான்னு நெனச்சேன்," என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையாகவே வெட்கம்.

மனைவிதான் வழி சொன்னாள். "தட்டத் திரும்ப அடுக்கி எடுத்துறலாம்ணே. அந்தச் சின்ன லென்ஸ்ல எல்லாம் தெளிவா விழும்."

"அவகிட்ட நான் எப்படிம்மா கேக்குறது? அவரு செஞ்ச வேல, அவரே போய்க் கேக்கட்டும்," என்று மாமன் என்னைக் காட்டினார்.

போனேன். தங்கச்சி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் லயத்துக்கு வந்திருந்தாள். தலையில் கட்டிய துணியை அவிழ்த்தபடி நான் சொன்னதைக் கேட்டாள். என் மடத்தனத்தை ஒளிக்காமல் சொன்னேன். அண்ணன் சொன்னதையும் சொன்னேன். அவிழ்த்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"ஒரு தடவ வந்ததே பெரிய விசயம். ரெண்டாந்தடவ வருவாராமா?"

"வர்றேன்னுதான் சொல்றாருங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. அவரு தட்ட அவரே வந்து அடுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மாமனோடு நானும் என் மனைவியும் போனோம். சின்ன லென்ஸைக் கமராவில் மாட்டியிருந்தேன். பெரியதையும் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. இந்தத் தடவை யாரும் நாற்காலி போடவில்லை.

பழத்தையெல்லாம் பிள்ளைகள் என்றைக்கோ தின்று முடித்திருந்தார்கள். ஆப்பிள் தட்டில் தக்காளியைக் குவித்தோம். கேக் பெட்டிகளில் காற்றுதான் இருந்தது. லட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன உருளைக்கிழங்கைப் பொறுக்கி வைத்து மஞ்சள் தாளால் மூடினாள் என் மனைவி. பெரிய லென்ஸாக இருந்தால் தக்காளி ஆப்பிளாகவே தெரிந்திருக்கும். இதைச் சொல்லவும் செய்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மாமன் முழங்காலில் நின்று ஒவ்வொரு தட்டாக நேராக்கினார். கடைசி வரிசைக்கு வந்ததும் கை நின்றது. ஒரு தட்டு காலி. அடியில் விரித்த தாள் மட்டும் இருந்தது.

"இதுலதான அந்தச் சேல இருந்துச்சு," என்றார் மெதுவாக. அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு என்னை அருகில் கூப்பிட்டார். "யாருக்காச்சும் தூக்கிக் குடுத்திருப்பா. கேக்க வேணாம். தம்பி, அந்தப் பெரிய சாமான் கொண்டாந்திருக்கீங்களா? இந்த ஒரு தட்டு மட்டும் மங்கலா விழுற மாதிரி எடுத்துறலாமா?"

என் தொழில் வாழ்க்கையில் அந்த லென்ஸை ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். நான் ஆசையோடு அதைப் பையிலிருந்து எடுத்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உள்வாசலைக் காட்டினாள்.

தங்கச்சி பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்தாள். வாடாமல்லிச் சேலை. மடிப்புக்கூடக் கலையாமல் புதுத்துணி விறைத்துக்கொண்டு நின்றது. மேலே வழக்கமான ஸ்வெட்டரை அவள் போட்டிருக்கவில்லை. அந்தக் குளிரிலும்.

"ரவிக்கத் துணி பத்தலண்ணே," என்றாள். "ஒட்டுப் போட்டுத்தான் தச்சேன்."

பத்து வருடம் கழித்து அண்ணனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் தட்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். பெரிய லென்ஸ் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"அது வேணாம் தம்பி, உள்ள வைங்க," என்றார். "சின்னதுலயே எடுங்க. அந்த வெறுந்தட்டு நல்லாத் தெரியணும்."

லென்ஸின் வாயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து எடுத்தேன். வெறுந்தட்டு நன்றாகத் தெரிந்தது. தக்காளியும் தெரிந்தது.