நான் பார்க்காத ஆட்டம்

நான் பார்க்காத ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஒரு பக்கத்தால் ஒரு கல்லூரிப் பெண்கள் அணி தேசியப் போட்டிக்குப் போகாமல் நின்றுபோனது. ஆட்டம் நடந்த நேரத்தில் நான் மேடவாக்கம் சந்திப்புக்கு அருகே ஒரு டீக்கடையில் கீரை வடை தின்றுகொண்டிருந்தேன். இதைச் சுற்றி வளைத்தும் சொல்லலாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை. அந்தத் திறமைதான் என்னை இதில் மாட்டிவிட்டது என்பதால் நேராகவே சொல்கிறேன்.

ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ மன்னிப்பு ஜெபம் சொல்வோம். நூறு பேர் ஒன்றாக முணுமுணுக்கும்போது யாருடைய பாவம் எது என்று ஆண்டவருக்கே கொஞ்சம் குழம்பும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அந்த வசதி இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பகுதிக் கல்லூரிகளின் பெண்கள் கால்பந்துத் தேர்வுக் குழுவில் என்னைப் போட்டார்கள். மொத்தம் மூன்று பேர். தலைவர், தாம்பரம் மார்க்கெட் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் நன்றாக ஆடி முட்டியைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டாவது ஆள் என் பழைய நண்பர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது நான். கால்பந்தைக் கையால் தொடக்கூடாது என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் கடிதங்கள் நன்றாக எழுதுவேன். அதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள் என்று நண்பர் எல்லோரிடமும் சொல்வார்.

எங்கள் பகுதியிலிருந்து இரண்டு அணிகளைத் தேசியப் போட்டிக்கு அனுப்பலாம். முதல் இடத்தில் வம்பே இல்லை. ஓர் அணி தன் பிரிவில் எல்லோரையும் துவைத்து எடுத்திருந்தது. இரண்டாவது இடத்துக்குத்தான் தகராறு. ஒரு பக்கம், நான் பாடம் நடத்திய தாம்பரம் கல்லூரி. அது ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது, அதுவும் அந்த முதலிடத்து அணியிடம். இன்னொரு பக்கம், மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு சின்னக் கல்லூரி. அவர்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனால் அவர்கள் பிரிவில் மற்றவர்கள் எல்லாம் நோஞ்சான் அணிகள். இந்த இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை. மோதவிட்டுப் பார்த்திருக்கலாம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மைதானங்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பட்டியல் அனுப்ப இரண்டே நாள் பாக்கி.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் அணியின் ஓர் ஆட்டத்தையாவது எங்களில் ஒருவர் நேரில் பார்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அதன் நகல் அந்தக் கல்லூரிக்கும் போகும், குறைகளைத் திருத்திக்கொள்ள உதவட்டும் என்று. இந்த யோசனையைச் சொன்னதே நான்தான். சின்னக் கல்லூரியின் கடைசி ஆட்டம், மழைக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது, என் பங்குக்கு வந்தது.

கிளம்பினேன். வேளச்சேரி சாலையில் பேருந்து மேடவாக்கம் வரை வந்து, வரிசையாக நின்ற தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கினேன். நடந்திருந்தால் பாதி ஆட்டமாவது கிடைத்திருக்கும். எதிரே வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தின்றேன். வீட்டுக்கும் நான்கு கட்டிக்கொண்டேன். ஆட்ட நடுவருக்குப் போன் போட்டு முடிவைக் கேட்டேன். மூன்றுக்குப் பூஜ்யம், சின்னக் கல்லூரி ஜெயித்தது என்றார். அன்று மாலை எழுத உட்கார்ந்தேன். 'மூன்று கோல்கள் போட்டும் மனநிறைவு தராத ஆட்டம். இடப்புறத் தாக்குதலில் வேகம் போதாது. கோல்கீப்பர் நல்ல உயரம். ஆயினும் உயர்ந்து வரும் பந்துகளுக்குத் தயங்குகிறார்.' கோல்கீப்பர் என்றால் உயரமாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். அவர் தயங்கியது அந்த வாக்கியத்தின் ஓசைக்காக.

தேர்வுக் கூட்டம் தலைவரின் கடை மாடியில், இறகுப்பந்துப் பெட்டிகளுக்கு நடுவே நடந்தது. நண்பர் வந்ததுமே ஆரம்பித்தார்.

"தோக்காத பொண்ணுங்கய்யா. ஒரு மேட்ச் கூட தோக்கல. இன்னும் இன்னா பண்ணணும் அதுங்க? பறக்கணுமா?"

"யார்கிட்ட ஜெயிச்சாங்கன்னு பாக்கணும் இல்ல?" என்றார் தலைவர். "நானும் என் பேரனும் கேரம் ஆடினா நான்தான் சாம்பியன்."

"அவங்க பிரிவுல யாரைப் போடறதுன்னு அவங்களா முடிவு பண்ணாங்க? நீதானே சீட்டு குலுக்கின?"

"அதுக்காக பலமான டீம்கிட்ட ஒரே ஒரு தடவை தோத்தவங்களை வூட்டுக்கு அனுப்பணுமா?"

"அப்ப ரயில்ல குடுக்கற மாதிரி ஆர்.ஏ.சி. குடுத்துடு. ரெண்டு டீமுக்கும் பாதிப் பாதி சீட்டு. முதல் பாதி இவங்க ஆடட்டும், ரெண்டாம் பாதி அவங்க."

இப்படி ஒரு மணி நேரம். புள்ளிகளை எண்ணினால் சின்னக் கல்லூரி. எதிரிகளின் பலத்தை எடைபோட்டால் தாம்பரம். கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க நேர்ல பாத்தீங்க. நீங்க சொல்லுங்க."

அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் படித்தேன். நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு, வகுப்பில் படிப்பதுபோல் படித்தேன். என் பழைய கல்லூரி போக வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. முடித்ததும் நண்பரே சொல்லிவிட்டார்: "சரி, கண்ணால பாத்தவன் சொல்றான். தாம்பரத்தையே போடு."

நான்கு நாள் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், வீட்டு வாசலில் இரண்டு பேர். ஒருவர் அந்தச் சின்னக் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. கையில் என் ஒரு பக்கத்தின் நகல். அவருக்குப் பின்னால் ஒரு பெண், கேட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

"சார், ஒரு சின்ன டவுட்டு," என்றார் ஆசிரியை. "எங்க கீப்பரைப் பத்தி எழுதியிருக்கீங்க. அவளை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நன்றாக ஞாபகம் இருக்கிறது, மேடம். உயரமான பெண்."

பின்னால் நின்ற பெண் முன்னால் வந்தாள். "இன்னா சார், நான் ஹைட்டாவா கீறேன்?"

ஐந்தடிதான் இருப்பாள். கல்லூரி முழுவதும் அவளைவிடக் குள்ளமான ஆட்டக்காரி இல்லையாம். நான் வெளிச்சத்தையும், நான் உட்கார்ந்திருந்த தூரத்தையும் குறை சொல்ல ஆரம்பித்தேன். அப்போது என் மனைவி காபியோடு வந்தாள். எந்த நாள், எந்த ஆட்டம் என்று விசாரித்தாள். வந்தவர்கள் சொன்னார்கள்.

"ஓ, அன்னைக்கா? அன்னைக்குத்தானே நீங்க டிராஃபிக்ல போகவே முடியலைன்னு வடை வாங்கிட்டு வந்தீங்க? இன்னும் சூடா இருந்துச்சே!"

அந்தப் பெண் எடுத்த காபியைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். பிறகு கேட்டாள். "வடைக்கா சார் எங்களை வுட்டீங்க?"

ஒப்புக்கொண்டேன். மனைவி உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. ஆசிரியை கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விஷயத்தை மட்டும் சொன்னார். இவள் கடைசி வருஷம். அம்மா மேடவாக்கத்தில் மீன் விற்கிறார். அடுத்து உடற்கல்விப் படிப்பில் சேர ஆசை. தேசியப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும். மற்ற பெண்களுக்கு அடுத்த வருஷம் உண்டு. இவளுக்கு இல்லை.

அன்றே தலைவரின் கடைக்குப் போனேன். நண்பரும் அங்கே இருந்தார். சொன்னேன். பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது என்று தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நண்பர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"யோவ், உன் வடைக்கா நான் என் ஓட்டை மாத்தினேன்? கண்ணால பாத்தவன்னு நம்பினேன்யா!"

போட்டி நடத்துபவர்களுக்கு என் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினேன். அடைமொழி ஒன்றுகூட இல்லாத கடிதம்; என் வாழ்வில் முதல் முறை. பதில் இரண்டு வரியில் வந்தது. தேர்வான அணி தானாக விலகினால் ஒழிய மாற்ற முடியாது. தாம்பரம் கல்லூரிக்குப் போனேன். அங்கே பயிற்சியாளர் என் பழைய மாணவி.

"சார், எங்க பொண்ணுங்க என்ன தப்பு பண்ணாங்க? நீங்க பொய் எழுதினதுக்கு அவங்க ஏன் விலகணும்?"

நியாயம்தான். ஒரு தவறைத் துடைக்க அதே அளவில் இன்னொன்றைச் செய்யச் சொல்லிப் போயிருந்தேன். ஆனால் அவளே ஒன்று சொன்னாள். போவதற்கு முன் பயிற்சிக்கு ஓர் ஆட்டம் வேண்டும். சின்னக் கல்லூரி வந்தால் ஆடலாம். ஆசிரியை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். நான் முழு நேரமும் அவர்கள் கோலுக்குப் பின்னால் நிற்க வேண்டும், உட்காரக்கூடாது.

தண்ணீர் வடிந்து நான்காம் நாள் ஆட்டம். கோலுக்குப் பின்னால் சேற்றில் நின்றேன். தாம்பரம் பெண்கள் எதிரணிக் கீப்பரின் உயரத்தைப் பார்த்துவிட்டு எல்லாப் பந்தையும் தலைக்கு மேலேயே தூக்கி அடித்தார்கள். அந்தக் குள்ளப் பெண் எப்படி எழும்பினாள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பந்து காலை விட்டுக் கிளம்பும் முன்பே அவள் தரையை விட்டுக் கிளம்பிவிடுவாள். ஏழு பந்து எண்ணினேன். ஒன்றையும் உள்ளே விடவில்லை. உள்ளே போனது ஒன்றே ஒன்று, தரையோடு உருண்டு, சேற்றில் வேகம் குறைந்து, அவள் இரண்டு காலுக்கும் நடுவே போனது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.

பக்கத்தில் நின்ற நண்பர் பெருமூச்சு விட்டார். "இப்ப யாரை அனுப்புவ? போ, மறுபடியும் முதல்லேந்து ஆரம்பி."

ஆட்டம் முடிந்து அவள் சேறு வழிய என்னிடம் வந்தாள். "காலுக்கு நடுவுல போச்சே, அதையும் எழுதுவீங்களா சார்?"

"எழுதத்தான் வேணும்மா. பாத்துட்டேனே."

"எய்துங்க," என்று சிரித்தாள். "ஏழையும் எய்துங்க."

தாம்பரம் அணி தேசியப் போட்டிக்குப் போய் இரண்டாவது சுற்றில் தோற்றுத் திரும்பியது. சின்னக் கல்லூரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபடி செய்தது நான். குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். போகும்போது ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். அடுத்த வருஷம் முதல், இழுபறி என்றால் இரு அணிகளும் ஆடித்தான் தீர்க்க வேண்டும், மழை என்றால் மழை விடும் வரை பட்டியல் காத்திருக்கட்டும். மழைக்காகப் பட்டியல் காத்திருப்பதற்கு மட்டும் இன்னும் சம்மதம் வரவில்லை.

அந்தக் கீப்பர் பெண்ணின் உடற்கல்விப் படிப்பு விண்ணப்பத்தோடு வைக்க ஒரு கடிதம் கொடுத்தேன். ஏழு பந்துகளும் உருண்டு போன ஒன்றும் அதில் இருந்தன. அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். 'ஐந்தடி உயரம்' என்ற இடத்தை அடித்து, மேலே 'ஐந்தடி ஒன்றரை அங்குலம்' என்று பேனாவால் எழுதியிருந்தாள். திருத்தி மறுபடி டைப் அடித்துக் கொடுத்தேன். நேர்முகத் தேர்வில் என் கடிதத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழ்தான் கேட்டார்கள். அந்த வருஷம் சீட் கிடைக்கவில்லை.

இப்போது மேடவாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். சனிக்கிழமைகளில் அந்தப் பகுதிப் பெண்கள் அணி ஒன்றில் ஆடுகிறாள். இந்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"சார், லெட்டர் வேணும்."

"மதிப்பெண் கிடையாதுன்னாங்களேம்மா?"

"இல்லாட்டி போவுது. வேணும். பழசையே ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடாதீங்க. வந்து பாத்துட்டு எய்துங்க."

போனேன். அதே சந்திப்பு, அதே தண்ணீர் லாரிகள். இந்த முறை இறங்கி நடந்தேன். டீக்கடையில் வடை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். என் வயதில் அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடப்பது சுலபமில்லை. மைதானத்துக்குள் நுழையும்போது இடைவேளை விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்துத் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.

கடிதத்தின் முதல் வரி இது: 'முதல் பாதி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை.' அதைப் படித்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்று உறையில் போட்டு ஒட்டினாள். முடிவு இன்னும் வரவில்லை.