ஒரு டம்ளர் சிறுவாணி

காசநோய் வைத்தியத்துக்காக அப்பா பெருந்துறைக்குக் கிளம்பியபோது, எங்களிடம் ஓய்வெடுக்கப் போவதாகத்தான் சொன்னார். அம்மாவிடம் சொன்னதெல்லாம் கார் பேட்டரியைப் பற்றி. ஒயரைக் கழற்றி வை. வாரா வாரம் ஆறு மூடியையும் திறந்து பார். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்று. மாதம் ஒருமுறை சார்ஜுக்கு அனுப்பு. வந்து நானே ஸ்டார்ட் செய்கிறேன்.

அம்மாவுக்குக் கார்க் கதவைச் சரியாகச் சாத்தக்கூடத் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும், விளக்கு ஏற்றுவதற்கு முன்பே கார் ஷெட்டுக்குப் போய்விடுவாள். ஆசிட் பட்டுப் பொத்தல் விழாத சேலை அவளிடம் கல்யாணப் பட்டு ஒன்றுதான்.

ஒருநாள் பெரியப்பா வந்து, "கார் சும்மா துருப்புடிச்சு நிக்குது அம்மணி, வித்துப்போடலாம்" என்றார். அவர் எதிரில் வாயே திறக்காத அம்மா, "அவரு வந்து கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்றாள். பெரியப்பா காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். "கண்ணு, பாட்டிலை மட்டும் எடுத்துட்டு வா, நான் வாரேன்" என்றாள். எடுத்த நான் டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். அம்மா எழுந்து வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். எங்கள் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீருக்கு உலகத்தில் ஈடே கிடையாது என்பது அப்பாவின் கட்சி; விருந்தாளி யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து ஆறு வாயிலும் ஊற்றி மூடினேன். எல்லாம் ஊற்றியாயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன். காய்ச்சலில் அவளும் நம்பிவிட்டாள்.

அந்த மாதம் பேட்டரியைச் சைக்கிளில் எடுத்துப் போக வந்த கோட்டைமேட்டு பாய், பேச்சுவாக்கில் சொன்னார்: "குழாத்தண்ணி மட்டும் ஊத்திப்போடாதீங்க அம்மணி. பேட்டரி செத்துப்போகுமுங்க."

"அந்த வார்த்தை வேண்டாமுங்க" என்றாள் அம்மா, வெடுக்கென்று. பாய் தலைகுனிந்தார். ஒரு பேட்டரிக்கு இவ்வளவு கோபமா? அன்றிலிருந்து கார் ஷெட் பக்கமே நான் போகவில்லை.

பத்து மாதம் கழித்து அப்பா கன்னம் பூசினாற்போல் வந்து இறங்கினார். வீட்டுக்குள் நுழையாமல் நேராக ஷெட்டுக்குப் போய் ஒயரை மாட்டினார். நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். வண்டி ஒரு தரம் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. அப்பா ஹாரனை அடித்துச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

அம்மா மட்டும் தூணில் சாய்ந்து, பொத்தல் முந்தானையில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். அந்த இருமலில் என் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா, ஒரே ஒரு டம்ளர் குழாத்தண்ணிதான் ஊத்துனேன். இனிமேல் ஊத்தவே மாட்டேன்."

அம்மா என்னை வாரி எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக அழுதாள். அன்று அவள் அழுதது அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்காகத்தான் என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.