மதிலுக்கு இந்தப் பக்கம்

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் பாசம் மூச்சுமுட்ட வைக்கிற பாசம். அது தாங்காமல்தான் அவள் மகன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனான். அவன் வாசலில் போட்ட காசித்தும்பைச் செடி மட்டும் மழைக்கு மழை தானாக முளைத்துக்கொண்டிருந்தது.

அதுவும் போய்விடுமோ என்று பயந்து, போன வருடம் காய் வெடிக்குமுன் ஒவ்வொன்றுக்கும் துணிப்பை கட்டினாள். ஒரு விதை விடாமல் சேர்த்து, ஈரம் காயுமுன் டப்பாவில் அடைத்தாள். எல்லாம் பூஞ்சை பிடித்துப்போனது. சும்மா விட்டிருந்தாலே வந்திருக்கும்!

இந்த மழைக்கு அவள் வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. எப்போதோ மதில் தாண்டித் தெறித்த விதைகளால் என் பக்கம் கொள்ளைப் பூ.

“பாத்தியா, என்கிட்ட மட்டும் எதுவும் தங்க மாட்டேங்குது” என்றாள்.

உள்ளே என் போன் அடித்தது. இந்த நேரத்துக்கு அவள் மகன்தான். அவளுக்குத் தெரியாமல் வாராவாரம் என்னோடு பேசுகிறான்.

நான் அசையவில்லை.

“போன் அடிக்குது பாரு, போய் எடு” என்றாள் அக்கா.