இருபத்தெட்டுக் குழிகளும் ஒரு சிவப்புத் திட்டும்

தேநீர் ஆறுவதற்குள் சிவலட்சுமி போனில் மூன்று இடங்களில் வானிலை பார்த்துவிடுகிறார். ஒன்று வெயில் என்கிறது, மற்றது மேகம் என்கிறது, மூன்றாவது பின்னேரம் இடி என்கிறது. "மூண்டில ஒண்டு மழை எண்டாலும் அது மழைதான்" என்பது அவர் தீர்ப்பு. வவுனியாவுக்கு மேற்கே உள்ள கல்குவாரியில் வெடி வைக்கும் நாளைக் குறிப்பவர் அவர். வயது ஐம்பத்திரண்டு. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை; மஞ்சள் ஹெல்மெட்டின் பட்டியில் செருகிய ஒரு செவ்வரத்தம்பூ.

மலையகத்திலிருந்து பெற்றோரோடு வந்து, பதினாறு வயதில் இதே குவாரியின் கிடங்கில், அந்தப் பெரும் பள்ளத்தில், கல்லுடைக்க உட்கார்ந்தவர். அப்போது வானிலை சொன்னது, துளை போடும் முத்துலிங்கத்தின் ரேடியோ. வேப்பங்கிளையில் தொங்கும். பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரைந்தால் எங்கோ மின்னுகிறது. வெடி வேலை நின்றுவிடும். பெண்கள் பாதிப் பாட்டோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, ரேடியோவை ஏசியபடியே மேலேறுவார்கள். "எத்தினை பாட்டு முடிவு தெரியாமலே போச்சு" என்று இன்றும் சிரிக்கிறார். கடைசியில் ரேடியோக்காரரையே கட்டிக்கொண்டார். "போனில மழை மேகப் படம் வடிவா வருது. ஆனா சும்மா கிடக்குது, பாடாது."

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. முதல்நாள் பார்த்தபோது மூன்றுமே வெயில் என்றன. சொல்லி வைத்த வெடிமருந்து காலையிலேயே பொலிஸ் காவலோடு வந்து இறங்கியது. இருபத்தெட்டுக் குழிகளை நிரப்பியாயிற்று. வெடி வைப்பவன் அவருடைய மகன் ரூபன். கிடங்குக்குள் வயர் இணைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மின்னல் விழுந்தால் போதும், வெடிப்பெட்டியின் சாவியை யாரும் திருப்பாமலே அத்தனையும் வெடிக்கும்.

ஒன்றரை மணிக்குப் போன் படத்தில் மன்னார்ப் பக்கம் ஒரு சிவப்புத் திட்டு. இரண்டேகாலுக்குள் அது பாதி வழியிலுள்ள மடு என்ற ஊரைத் தாண்டிவிட்டது.

"ரூபன், ஏறடா!"

"இன்னும் நாலு குழிதானம்மா. முடிச்சிட்டு வாறன்."

கந்தோரிலிருந்து மனேஜர் யோகநாதன் ஓடி வந்தார். "என்னக்கா, இவ்வளவும் நிரப்பிப்போட்டு வெடிக்காம விடுறதோ? தலைக்கு மேல வெய்யில் கொளுத்துது. ஒரு கால்மணித்தியாலம் பாருங்கோ."

"மூண்டு மணிக்கு வெடியெண்டு நாங்கள்தான் பலகையில எழுதினது, தம்பி. மேகம் அதை வாசிக்கேல்ல."

சைரன் பொத்தானை அழுத்திப் பிடித்தார். ஆட்கள் ஒவ்வொருவராக மேலேறினார்கள். ரூபன் மட்டும் கீழே குனிந்தபடியே நின்றான். மேற்கே வானம் ஒரு தரம் உறுமியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினான்.

மூச்சிரைக்க எதிரே வந்து நின்று காதைப் பொத்தினான். "வந்திட்டனம்மா! நிப்பாட்டுங்கோ!"

சிவலட்சுமி இடது கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். வலது கையின் விரல் பொத்தானிலிருந்து எழும்பவில்லை.