வலி குறைவு என்று எழுதிய மூன்று வாரம்

நான் கட்டிலருகே போனாலே அந்த அக்கா முந்தானையை இழுத்து மார்பின்மேல் இறுக்கிக்கொள்வார். குளிருக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். எண்பதுகளின் தொடக்கம், போடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் பார்த்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும்தான் எங்களால் ஆனது.

ஊர்ப்பேரை வைத்து வார்டில் எல்லோருக்கும் அவர் சிலமலை அக்கா. ஏலக்காய்க் கிட்டங்கியில் இருபது வருடம் காய் பொறுக்கித் தரம் பிரித்தவர். ஒரு கை அள்ளி முகர்ந்தாலே, இது புகை பிடித்த காய், இது ஈரத்தோடு மூட்டை கட்டிய காய் என்று சொல்லிவிடுவாராம். கணவர் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டியவர். வேலையை விட்டுவிட்டு வந்து வார்டு வாசற்படியிலேயே கிடந்தார். சோற்றைக் கொண்டுவந்து கட்டிலருகே வைப்பார்; உடனே வாசலுக்குப் போய்விடுவார்.

காலையில் நான் கேட்பது ஒரே கேள்வி. "வலி எப்படி இருக்குக்கா?"

"பரவால்ல தாயி."

'வலி குறைவு' என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். மூன்று வாரம் அப்படியே எழுதினேன். அவர் தூங்குவதில்லை, சோற்றைத் தொடுவதில்லை, சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது, "வலி கெடக்கட்டும்க்கா. வேற என்ன கஷ்டமா இருக்கு?" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எம்மேல நாத்தம் வருதுல்ல?" என்றார் பிறகு. "என் மூக்குக்குத் தெரியாதா தாயி. அதான் அவுக கிட்ட வர்றதில்ல. வலியக்கூடப் பொறுத்துக்கிருவேன். அவுக வாசல்ல போயி உக்காந்திருக்கதத்தான் பொறுக்க முடியல."

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. நேரே வாசலுக்குப் போனேன். "கொஞ்சம் கிட்டப் போயி உக்காந்தா என்னண்ணே?"

அவர் தலை நிமிரவில்லை. "அவ மொகத்தப் பாத்தா அழுதுருவேன்மா. நான் அழுதா, பொழைக்க மாட்டோம்னு அவளுக்குத் தெரிஞ்சுபோகும்."

"அது அக்காவுக்குத் தெரியும்ணே. நாத்தத்துக்குப் பயந்து நீங்க வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."

அவர் எழுந்து உள்ளே போனார். கட்டிலில் அக்காவை ஒட்டி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். அன்று மத்தியானம் அக்கா தூங்கினார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நோயாளியிடம் கேட்பதற்கென்றே அச்சடித்த தாள்கள் வந்துவிட்டன. வலி, தூக்கம், மூச்சு, பயம், மனக்கவலை என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் போட வேண்டும். இதெல்லாம் வெட்டிச் சோலி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. என்னால் அப்படி அலுத்துக்கொள்ள முடிவதில்லை. அந்தப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே பத்தடி தூரம்தான் இருந்தது. வந்த அன்றே கேட்டிருந்தால், மூன்று வாரமும் அவர் அக்காவின் அருகே இருந்திருப்பார்.